வள்ளியம்மைக்கு வெற்றிலை வாங்கியவள்

உலகத்தில் கதை எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். எழுதிய கதை அச்சில் வருமுன்னமே, அது படமானால் எந்தப் பாத்திரத்தில் யார் நடிப்பது என்று தீர்மானித்து, அத்தனை பேருக்கும் வீடு வீடாகப் போய் வெற்றிலையும் கொடுத்து முடித்த மனிதர் எங்கள் புளியங்கூடல் கொண்டக்டர் ஒருவர்தான். இல்லை என்கிறவர்கள் முன்னுக்கு வந்து சொல்லட்டும்.

அவருக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிய பஸ்ஸில் முப்பது வருடம் ரிக்கற் கிழித்தவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. வேலையை விட்டு வந்த பிறகும் கொண்டக்டர்தான். கோயிலில் ஐயர்கூட "கொண்டக்டருக்கோ" என்று கேட்டுவிட்டு அர்ச்சனையைத் தொடங்கிவிடுவார். பிள்ளையாருக்கும் அது போதுமாயிருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுத எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். ஆட்கள் கதைத்ததைத் திருத்தக் கூடாது. அது அவர்கள் கதைத்தபடியே இருக்க வேண்டும்.

முட்டையும், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிற நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். மற்றக் கொண்டக்டர்மார் ஏறுகிறவரின் கையைப் பார்ப்பார்கள். இவர் முகத்தைப் பார்ப்பார். ஒரு நாள் வேலணையில் இறங்க எழும்பிய ஒரு தடித்த மனிதரை வாசலில் கையைக் குறுக்கே வைத்து மறித்தார்.

"அண்ணை, இறங்காதேங்கோ. ஒருக்கா மற்றப் பக்கம் திரும்புங்கோ."

"ஏன் காணும்?"

"நீங்கள் மூண்டாம் அத்தியாயத்திலை வாறியள்."

"நான் வேலணையிலை இறங்கோணும்."

"அத்தியாயம் முடிய இறக்கிவிடுறன். கதிரையிலை இருங்கோ."

அந்த மனிதர் வேலணை தாண்டி அல்லைப்பிட்டியில் இறங்கி வெயிலுக்குள் திரும்பி நடந்தார். கொண்டக்டர் ஜன்னலால் எட்டி, அவர் நடக்கிற நடையையும் எழுதிக்கொண்டார்.

கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு சீ.ஆர். கொப்பி நிறையக் கையெழுத்து. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து வள்ளத்தில் ஏறுகிற ஒரு நாளைப் பற்றிய கதை. எல்லோரும் ஏறுகிறார்கள், வள்ளியம்மை என்கிற ஒரு பெண் மட்டும் தன் பசுவோடு வேலியடியில் நிற்கிறாள். அவளுக்கு வயது பத்தொன்பது. வீரசிங்கம் என்று ஒரு நல்லவன் இருக்கிறான். ஊருக்கு அதிகாரியான விதானையார் என்று ஒரு கெட்டவர் இருக்கிறார். பஸ்ஸில் நிற்கிற காலத்திலேயே தொடங்கி இருபது வருடமாக எழுதினார். அச்சடிக்கிற இடம் மூன்றுக்கு அனுப்பி மூன்றும் திரும்பி வந்தது. ஒன்று பிரிக்காமலே வந்தது. அதற்குத்தான் அவருக்குக் கோபம் குறைவு. "அவங்கள் வாசிக்கேல்லை, ஆனபடியால் பிழை சொல்லேல்லை" என்பார்.

ஏழாவது கொப்பியின் பின்பக்கத்தில் சினிமா நடிகர்மாரின் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு காரணம், மேலே ஒரு குறுக்குக் கோடு. "பல்லு மெத்த வெள்ளை." "நடக்கிற நேரம் நிலத்தைப் பாக்காத ஆள், எங்கடை ஒழுங்கையிலை விழுந்து முழங்கால் உடையும்." "அழகு காணும், ஆனால் இந்தக் கை ஒரு வாளி தண்ணி அள்ளாத கை." தேத்தண்ணிக் கடையில் இளந்தாரிகள் அவரை விடமாட்டார்கள்.

"கொண்டக்டர் அண்ணை, வீரசிங்கத்துக்கு உந்தப் புதுப் பெடியன் எப்பிடி? ஒரு கையாலை இருபது பேரை அடிக்கிறான்."

"ஆட்டுக்குட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு சைக்கிள் ஓடுவானோ?"

"அதெல்லாம் கேட்டுப் பாக்கோணும்."

"கேள். வீரசிங்கம் இரண்டாம் அத்தியாயத்திலை ஓடுறான். அதோடை உவன் 'ஆமாங்க' எண்டு சொல்லுவான். வீரசிங்கம் 'ஓம்' எண்டு சொல்லுறவன். ஒரு ஆமாங்க விழுந்தால் காணும், கதை அந்த இடத்திலையே செத்துப்போம்."

இப்படி இந்தியாவில் ஒருவரும் மிஞ்சவில்லை. கொழும்பிலும் ஒருவரும் மிஞ்சவில்லை. கடைசியில் ஊர் மிஞ்சியது. அவர் ஊரைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கூத்துப் பழகத் தொடங்குகிற அன்றைக்குப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கு ஆள் வெற்றிலையும் பாக்கும் கொடுப்பார். வாங்கினால் அந்த வேடம் வாங்கியவருக்கு. காய்ச்சல் வந்தாலும் மனிசி பிள்ளை பெற்றாலும் மாற்றமில்லை. கொடுத்தவரும் பறிக்க முடியாது, வாங்கியவரும் விட முடியாது. கொண்டக்டரின் தகப்பன் கூத்தில் இராசா வேடம் கட்டினவர். அந்த நியாயத்தைக் கொண்டக்டர் தன் நாவலுக்கும் வைத்துக்கொண்டார்.

முதல் வெற்றிலை மில்லுக்காரச் சிவபாதத்துக்குப் போனது. சிவபாதம் ஆட்டைக்கூட "கொஞ்சம் விலகுங்கோ" என்று கேட்கிற மனிதன். அவனுக்குக் கொடுத்தது விதானையார் வேடம். ஏன் என்று கேட்டேன். "கெட்டவனாய் இருக்க அவனுக்கு இன்னும் ஒருத்தரும் சந்தர்ப்பம் குடுக்கேல்லை" என்றார். சிவபாதம் மாவரைக்கிற சத்தத்துக்குள் நின்று அதட்டிப் பழகினான். இயந்திரம் நின்ற பிறகும் அதட்டல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அவன் மனிசி கொண்டக்டரின் படலையடிக்கு வந்தாள்.

"அண்ணை, அவருக்குக் குடுத்த வேசத்தைத் திருப்பி எடுங்கோ. என்னை 'ஏய்' எண்டுறார்."

"வெத்திலை வாங்கினவர் பிள்ளை. ஏலாது."

"அப்ப எனக்கும் ஏதாவது தாங்கோ. நானும் திருப்பிச் சொல்லோணும்."

அவளுக்கு வேடம் இல்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் வந்தாள். "இருக்கட்டும் அண்ணை. இப்ப மில்லடியிலை ஆக்கள் வரிசையிலை நிக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது சின்னத்துரையர். எண்பத்திரண்டு வயது. ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிற பிரேதம். முதலில் மனிதர் பொல்லை எடுத்தார்.

"உயிரோடை இருக்கிற என்னைப் பிரேதம் எண்டு சொல்ல உனக்கு என்ன துணிவு?"

"அப்பு, நீங்கள் வாயே திறக்காமல் ஒம்பது பக்கத்துக்கு ஊரே உங்களைச் சுத்தி அழுகுது. கதாநாயகனுக்கும் அவ்வளவு இல்லை."

சின்னத்துரையர் பொல்லைக் கீழே வைத்தார். "ஆர் ஆர் அழுகினம்?" என்று கேட்டார். பெயர்களைக் கேட்டு முடித்து வெற்றிலையை வாங்கினார். அதன் பிறகு ஒழுங்கையில் என்னைக் கண்டால், "நீ ஒழுங்காய் அழுவியோ, இல்லாட்டி மற்றவளவை மாதிரிச் சீலைத் தலைப்பை வைச்சுக்கொண்டு நடிப்பியோ" என்று கேட்பார்.

இனி என் முறை.

ஒரு காலை பசுவில் பால் கறந்துகொண்டிருந்தேன். கொண்டக்டர் படலையைத் திறந்து வந்து மாட்டுக்கு முன்னால் நின்றார். கையில் வெற்றிலை.

"மணி, வள்ளியம்மை நீர்தான்."

ஊரில் என்னை மணியக்கா என்பார்கள். அவர் மட்டும் மணி என்பார், ஒன்பது வயது மூத்தவர்.

"அவளுக்குப் பத்தொன்பது வயதெல்லோ அண்ணை. எனக்கு அறுபத்தெட்டு."

"ஓம். எழுதேக்கை உமக்கும் கொஞ்சம் வயது குறைவுதான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சு நான் எப்ப நிப்பாட்டினனான்?"

"எனக்கு வேண்டாம். கொண்டுபோங்கோ."

அவர் கொண்டுபோகவில்லை. கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் பாலைக் கொடுத்தனுப்பி, மாட்டைக் கட்டி, முற்றம் கூட்டி, குசினிக்குள் போய்ப் பார்த்தால் எனக்கு வெற்றிலை முடிந்துவிட்டது. கடைக்குப் போக வெயில். கிணற்றுக் கட்டில் நல்ல கொழுந்து வெற்றிலை கிடக்கிறது. கை தன்பாட்டுக்குப் போய் எடுத்தது. சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுப் பாதி சப்பின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. துப்புவோம் என்று வேலியடிக்குப் போனேன். வேலிக்கு மற்றப் பக்கம் கொண்டக்டர் சைக்கிளோடு நிற்கிறார்.

என் வாயைப் பார்த்தார். வாய் சிவந்திருந்தது.

"வாங்கிப்போட்டீர்" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கொப்பியோடு வந்தார். நான் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருக்க அவர் பக்கத்தில் இருந்து வாசித்தார். நடிக்கிற ஆளுக்குக் கதை தெரிய வேண்டுமாம். சரி, காது சும்மாதானே இருக்கிறது என்று கேட்டேன். நாலாம் பக்கத்தில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"நிப்பாட்டுங்கோ. மாரி மழைக்கை வள்ளியம்மை ஒடியல் காயப்போடுறாளோ? அவள் என்ன பேயே?"

அவர் பக்கத்தைக் கிழித்தார். இன்னொரு நாள் வள்ளியம்மை பசுவின் இடது பக்கம் இருந்து பால் கறந்தாள், மாடு உதைக்கும் என்றேன். அந்தப் பக்கத்தையும் கிழித்தார். இப்படி நான் அவருடைய கதையில் முப்பது, நாற்பது பக்கம் கிழிப்பித்திருப்பேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள் சொல்லி ஒரு எழுத்தாளர் பக்கம் கிழிக்கிறார் என்றால் அது பெரிய காரியம் என்று இப்போது விளங்குகிறது. அப்போது, பிழையாக எழுதினால் கிழிக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேடத்தில் ஆசை வந்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் அள்ளும்போது வள்ளியம்மை எப்படி அள்ளுவாள் என்று பார்த்து அள்ளுவேன். அவள் நான் அள்ளுகிற மாதிரித்தான் அள்ளினாள். ஆனாலும் பார்த்து அள்ளினேன்.

அப்படியிருக்க வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். தாய் தகப்பன் இந்த ஊர், பிறந்து வளர்ந்தது அங்கே. இரண்டு படம் எடுத்திருக்கிறானாம். கொண்டக்டரின் கதையைப் பற்றி யாரோ ஃபேஸ்புக்கில் எழுதியதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறான். நல்ல மரியாதையான பெடியன், அதைக் குறை சொல்லமாட்டேன். கொப்பி ஏழையும் ஐந்து நாள் இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தான். வாசித்துவிட்டுக் கொண்டக்டரின் காலைத் தொட்டான். படமாக எடுக்கிறானாம், முதலில் புத்தகமாகவும் அச்சடிக்கிறானாம். கொண்டக்டர் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு. நெஞ்சுக்கு மூன்று விதமான குளிசை போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஒன்றுக்காகத்தான் இருபது வருடம் காத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

செய்தி பரவின அன்றைக்கே வெற்றிலை வாங்கினவர்கள் எல்லோரும் கொண்டக்டரின் முற்றத்தில் வந்து நின்றார்கள். சிவபாதம் வேட்டி சால்வையோடு மீசை வரைந்துகொண்டு வந்தான். சின்னத்துரையர் வெள்ளைத் துணியைத் தானே கொண்டுவந்து, எங்கே படுப்பது என்று கேட்டார். நான் என் பாட்டுக்கு வந்த மாதிரி, நல்ல சீலை ஒன்றை உடுத்துக்கொண்டு பின்னுக்கு நின்றேன்.

தம்பி எங்களைப் பார்த்துச் சிரித்தான். போனை எடுத்து ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டினான். "இவதான் வள்ளியம்மை. சென்னையிலை பெரிய ஆள்" என்றான். பிள்ளை வடிவு. பொய் சொல்லக்கூடாது. நகம் ஒரு விரலளவு இருந்தது.

"தம்பி, அவவைக் கூட்டிக்கொண்டு வந்து மணியின்ரை கிணத்திலை பத்து வாளி அள்ளச் சொல்லும்" என்றார் கொண்டக்டர்.

"ஐயா, அது படத்திலை அள்ளுற மாதிரிக் காட்டலாம்."

"மாதிரிக் காட்டினால் மாடு குடிக்காது."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அன்ரி, உங்களுக்கும் ஒரு சீன் இருக்கு. வள்ளத்திலை ஏறுற ஆக்களுக்குத் தண்ணி குடுக்கிற ஒரு வயதுபோன அம்மா."

"நான் ஒருத்தருக்கும் தண்ணி குடுக்கிறதில்லை" என்றேன். அது பொய். வருகிற எல்லோருக்கும் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

தம்பி ஒரு கடுதாசியைக் கொடுத்தான். நடிக்கிற ஆட்களைத் தானே தெரிவு செய்வான், முடிவையும் தானே வைப்பான் என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் புத்தகமும் படமும் வரும். வைக்காவிட்டால் அவன் வந்த வழியே போவான். அடுத்த நாள் காலை வரையும் தவணை.

பின்னேரம் நான் கடைக்குப் போய் ஒரு கட்டு வெற்றிலையும் பாக்கும் வாங்கித் தட்டத்தில் வைத்துக்கொண்டு கொண்டக்டரின் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்தார். கடுதாசி மேசையில் இருந்தது. தட்டத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உதென்ன?"

"உங்கடை வெத்திலை. திருப்பித் தாறன். கையெழுத்தை வையுங்கோ."

"இது கடையிலை வாங்கின வெத்திலை. நீர் வாங்கினது வேறை."

"அது வயித்துக்கை போட்டுது."

"அப்ப திருப்பித் தர ஏலாது."

"அண்ணை, விளையாடாதேங்கோ. இனி ஆர் வரப்போறான்? உங்களுக்கு இன்னும் இருபது வருசம் கிடக்கோ?"

"கிடக்காது" என்றார். அதைச் சும்மா, பஸ் போய்விட்டது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

நான் தட்டத்தை அவர் பக்கம் தள்ளினேன். "எனக்கு உந்த வேசத்திலை ஆசையே இல்லை" என்றேன்.

"தெரியும். அதுதான் நாலு மாதமாய்த் தலையை நிமித்தித் தண்ணி அள்ளுறீர்."

இந்த மனிதர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. வேலிக்கு அவரும் ஒரு தூண் மாதிரித்தான்.

பிறகு அவர் ஏழாவது கொப்பியை எடுத்தார். "மணி, பழைய கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டு நாலு வருசமாய் நிக்கிறன். எல்லாரும் ஏறியாச்சு. வள்ளம் வெளிக்கிடப் போகுது. வள்ளக்காரன் கூப்பிடுறான். அவள் என்ன சொல்லுவாள் எண்டு எனக்குத் தெரியேல்லை. தம்பி சொல்லுறான், அவள் அழுதுகொண்டு ஓடிவந்து ஏறுவாளாம். பாக்கிற சனத்துக்கு அது பிடிக்குமாம்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"ஏனாம் அழுகிறாள்? அவளை ஆர் அடிச்சது? மாட்டை ஆரிட்டை விட்டிட்டு ஏறுறது? வள்ளியம்மை ஏறமாட்டாள். திரும்பியும் பாக்கமாட்டாள். 'நீங்கள் போங்கோ, மாட்டுக்கு இன்னும் தண்ணி வைக்கேல்லை' எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போவாள். அவ்வளவுதான்."

கொண்டக்டர் பேனையை எடுத்தார். "திருப்பிச் சொல்லும், மெதுவாய்" என்றார். நான் சொன்னேன். அவர் எழுதினார். எழுதி முடித்துக் கொப்பியை மூடினார்.

அடுத்த நாள் காலை தம்பி வந்தபோது நானும் நின்றேன்.

"கதை முடிஞ்சுது தம்பி. வள்ளியம்மைக்கு ஆள் இருக்கு" என்றார் கொண்டக்டர். கடுதாசி மடித்தபடி திரும்பிப் போனது.

"ஐயா, இவவுக்கு நடிக்கத் தெரியுமோ?"

"தெரியாது. உமக்கு ஏறுற வள்ளியம்மை வேணும் எண்டால் நீரே ஒரு கதை எழுதும். இது ஏறாதவளின்ரை கதை."

"படம் வராமல் போனால் ஒருத்தருக்கும் உங்களைத் தெரியாதே ஐயா."

"எனக்கு என்னைத் தெரியும். நீர் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

ஊர் அவரைப் பேசாத பேச்சில்லை. கையில் வந்ததைத் தட்டினவர், விசரன், கிழட்டுப் பிடிவாதம். சங்கக்கடையில் ஒருவர் எனக்கு முன்னாலேயே சொன்னார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் சீனி வாங்காமலே போய்விட்டார். நானும் பேசினேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பேசலாம். மற்றவர்கள் பேசக்கூடாது.

அந்த வருடம் மாசியில் அவர் முற்றத்திலேயே முழுக்கதையையும் நடித்தோம். பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர், ஒரு நாய். சிவபாதம் அதட்டின அதட்டில் நாய் எழும்பிப் போய்விட்டது. சின்னத்துரையர் ஒன்பதாம் அத்தியாயத்தில் நடுவில் கண்ணைத் திறந்து, "இவள் அழேல்லை" என்று அழுகிற கூட்டத்துக்குள் நின்ற சிவபாதத்தின் மனிசியைக் காட்டினார். கடைசியில் நான் என் பசுவோடு நின்று என் சொல்லைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சரியாகச் செய்யவில்லையோ என்று நினைத்தேன். கொண்டக்டர் கதிரையில் இருந்து எழும்பி நின்றிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வள்ளியம்மை பார்க்கக் கூடாதே.

அவர் போய் இப்போது ஒன்றரை வருடம். கொப்பி ஏழையும் எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அலுமாரியில் சீலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். விடியக் காலமை மாட்டு வேலை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான். இப்போது ஐந்தாவது கொப்பியில் நிற்கிறேன்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் வாசிக்க எனக்கு ஏலும். வாசிப்பதில்லை.